இரண்டாம் பீரியட் ஓய்வு

பூகோள வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பாய்லர். வைத்து இருபது வருஷம் இருக்கும். வைத்தவர்களெல்லாம் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, தலை நரைக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெயர் மட்டும் வகுப்புக்கு வகுப்பு கைமாறி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ஓர் அநியாயம் உண்டு. பாய்லர் ஆறிப்போய்ப் பதினோரு வருஷமாகிறது.

அந்தக் காலத்தில் அவருக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே குடியிருந்தது. உலகப் படத்தில் ஒரு நதியை யாராவது மேட்டைப் பார்த்து ஓடவிட்டால் போதும், சாக்பீஸ் பறக்கும், அதன் பின்னாலேயே டஸ்டர் பறக்கும். வீட்டிலும் அதே கதைதான். மனைவி டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டால், இவர் அதைவிடச் சத்தமாகக் கவிழ்த்து வைப்பார். கடைசியில் ஒருநாள் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "இது பாதி மருந்துதான் சார். மீதி உங்க வாயிலதான் இருக்கு" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த தங்கை, பழத்துக்குப் பதிலாக ஒரு எண் புதிர்ப் புத்தகத்தை நீட்டினாள்.

"இதப் போட்டுப் பாருண்ணே. ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். குறுக்க பார்த்தாலும் நெடுக்க பார்த்தாலும், உள்ள இருக்கிற சின்னச் சதுரத்துல பார்த்தாலும், ஒண்ணுலேர்ந்து ஒன்பது வரைக்கும் எல்லாம் ஒரு தடவை வரணும். ரெண்டு தடவை வரக் கூடாது. அவ்வளவுதான்."

"இதுக்கா நான் செத்துப் பிழைச்சேன்?" என்றார் அண்ணன்.

முதல் புதிரைக் கிழித்துப் போட்டார். இரண்டாவதைக் கசக்கிப் போட்டார். மூன்றாவதில் ஓர் உண்மை அவருக்கு உறைத்தது: இந்தக் கட்டம் தம்மைக் கண்டு பயப்படவில்லை. அதட்டினால் ஏழு எட்டாகிவிடுவதில்லை. முறைத்துப் பார்த்தால் மூன்று எழுந்து இடம் விடுவதில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரே உறுமலில் அடக்கியவர், பென்சிலை வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கட்டத்தின் முன் பொறுமையாக உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தார். உட்கார உட்கார, உள்ளே எதுவோ இறங்கி அடங்குவது அவருக்கே தெரிந்தது.

பிறகு அது தினப்படிப் பழக்கமாயிற்று. பள்ளிக்கூடத்துக்குச் செய்தித்தாள் வருவது முதல் பீரியட் முடிகிற நேரத்தில். இரண்டாம் பீரியட் அவருக்கு ஓய்வு. ஆசிரியர் அறையில் ஜன்னலோர நாற்காலி, ஒரு டீ, செய்தித்தாளின் ஏழாம் பக்கத்துப் புதிர். நாற்பத்தைந்து நிமிஷம் யார் வந்து எது கேட்டாலும் "ம்" தான் பதில். அதைவிட நீளமான பதிலை யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

கணக்கு வாத்தியார் மட்டும் சீண்டுவார். "இதுல கணக்கே இல்ல சார். ஒன்பது எண்ணுக்குப் பதிலா ஒன்பது பழத்தோட பேரை எழுதினாலும் இதே விளையாட்டுதான்."

"இருக்கட்டுமே. எனக்குக் கணக்கா வேணும்? நிதானம்தான் வேணும்."

நிதானம் கிடைத்தது என்பதற்கு ஆதாரம் அவர் மனைவி. "இந்தக் கட்டத்தைக் கட்டிக்கிட்டு அழ ஆரம்பிச்சப்புறம்தான் எங்க வீட்ல டம்ளரெல்லாம் நிமிர்ந்து நிக்குது" என்று தங்கையிடம் போனில் சொன்னதை அவரே காதால் கேட்டார். கேட்டும் கோபம் வரவில்லை. அதுவும் ஓர் ஆதாரம்தான்.

புதிர் போடுவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. எங்காவது முட்டிக்கொண்டு நின்றால், புதிதாக எதையும் எழுத மாட்டார். முதல் கட்டத்திலிருந்து ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து, "அச்சா, நானா?" என்று தமக்குள்ளேயே கேட்டுக்கொள்வார். செய்தித்தாளில் அச்சாகி வந்த எண் என்றால் அதன் மேல் கைவைக்கக் கூடாது; அது சரிதான். தாம் எழுதிய எண் என்றால் அதை நம்பக் கூடாது. முட்டல் தெரிவது ஒரு மூலையில், தப்பு உட்கார்ந்திருப்பது எங்கோ இன்னொரு மூலையில், அதுவும் அரைமணி நேரத்துக்கு முன்னால் ரொம்பத் தைரியமாக எழுதின எண்ணில். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அச்சின் மேல் தப்பு இருந்ததில்லை. சந்தேகப்பட வேண்டிய ஆள் எப்போதும் அவர் ஒருவர்தான்.

கட்டம் போடுகிற ஆள் என்று தெரிந்ததும் தலைமையாசிரியை சும்மா இருப்பாரா? பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையைத் தூக்கி இவர் தலையில் கட்டிவிட்டார். அதுவும் கட்டம்தானே. ஒரு வகுப்புக்கு ஒரே நேரத்தில் இரண்டு வாத்தியார் கூடாது, ஒரு வாத்தியாருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு கூடாது. இவருக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. வருஷா வருஷம் பள்ளி திறப்பதற்குள் ஒரு பெரிய அட்டையில் அட்டவணை தயாராகிவிடும். நகர்த்த முடியாதவற்றை, அதாவது மைதானம், ஆய்வகம், கணினி அறை போன்றவற்றின் நேரங்களை, பழைய அட்டையைப் பார்த்துக் கறுப்பு மையில் முதலில் எழுதிவிடுவார். மற்றதெல்லாம் பென்சில். எல்லாம் பொருந்திய பிறகு பென்சிலின் மேலும் மை ஏறும். அவர் அட்டவணையில் மோதல் வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

இந்த வருஷம் வந்தது.

ஆறாம் வகுப்பில் கூட்டம் தாங்காமல் 'ஈ' என்று ஒரு பிரிவு புதிதாக முளைத்தது. பதினான்கு பிரிவு பதினைந்தாயிற்று. மற்ற பாடங்களுக்குப் பாதகமில்லை. பாட்டு டீச்சருக்குத்தான் இடித்தது. டீச்சரின் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுத்து இரண்டு வருஷமாகிறது. பேச்சு வராது, வலது பக்கம் அசையாது. காலையில் அவருடைய அக்கா வந்து பார்த்துக்கொள்வார். அந்த அம்மாவும் மதியத்துக்கு முன் தன் வேலைக்கு ஓடியாக வேண்டும். அதனால் பாட்டு டீச்சர் மூன்றாம் பீரியட் வரைதான் பள்ளியில் இருக்க முடியும். நாளைக்கு மூன்று, வாரத்துக்குப் பதினைந்து. பிரிவும் பதினைந்து. கணக்குக்குச் சரியாகத்தான் இருந்தது, கட்டத்துக்குத்தான் சரிவரவில்லை. பதினான்கு பிரிவுக்குப் பாட்டு உட்கார்ந்துவிட்டது. ஆறாம் வகுப்பு 'ஈ'க்கு மிச்சம் இருந்தது புதன்கிழமை இரண்டாம் பீரியட் ஒன்றுதான். அந்த நேரத்தில் அங்கே கணக்கு உட்கார்ந்திருந்தது.

ஒவ்வொரு பிரிவுக்கும் வாரம் ஒரு பாட்டு வகுப்பு கட்டாயம் என்பது மேலிடத்து உத்தரவு. "பொருந்தலைன்னா நான் என்ன சார் பண்றது?" என்றார் தலைமையாசிரியை. "பாட்டுக்கு நாள் முழுக்க இருக்கிற வேற ஒரு ஆளைத்தான் போடணும். எனக்கும் மனசு கேக்கல. நீங்களே ஒரு வழி பண்ணுங்க. வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட்டாகணும்."

அடுத்த வாரம்தான் புது அட்டவணை அமலுக்கு வருகிறது. அதுவரை பழையதையே வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வாத்தியார் அட்டையும் கையுமாகவே திரிந்தார். கணக்கை வியாழன் மூன்றாம் பீரியடுக்குத் தள்ளினால் கணக்கு வாத்தியாருக்குச் சரி. ஆனால் அங்கே பூகோளம் இருந்தது. பூகோளத்தைத் தூக்கினால் வைக்க இடமில்லை. இவர் சும்மா இருக்கிற ஆறு நேரங்களிலும் அந்தப் பிரிவு ஒன்று மைதானத்தில் இருந்தது, இல்லை ஆய்வகத்தில் இருந்தது, இல்லை கணினி அறையில் இருந்தது. மூன்றும் கறுப்பு மை. தலைகீழாக நின்று பார்த்தும் அந்த ஒரு பூகோள வகுப்பு நகர மறுத்தது.

புதன்கிழமை மூன்றாம் பீரியட் முடிந்ததும், தாழ்வாரத்தில் பாட்டு டீச்சரே எதிரில் வந்துவிட்டார். கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றார்.

"எல்லாக் கட்டத்தையும் பார்த்துட்டேன் டீச்சர்" என்றார் வாத்தியார். "ஒண்ணு விடல. வழியே இல்ல."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு டீச்சர் போனார். அந்தப் பேச்சில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே நம்பித்தான் சொன்னார்.

வியாழக்கிழமை இரண்டாம் பீரியட். ஜன்னலோர நாற்காலி, டீ, ஏழாம் பக்கம். வாத்தியாருக்குப் புதிரில் மனம் ஓடவில்லை. பத்து எண் போட்டதுமே முட்டிக்கொண்டது. வழக்கம்போல முதல் கட்டத்திலிருந்து விரலை வைத்தார். அச்சா, நானா? அச்சு. அச்சா, நானா? நான். மூன்றாவது வரிசையில், தாம் எழுதிய ஒரு இரண்டு தப்பான இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அழித்தார். கட்டம் மளமளவென்று இளகிக் கொடுத்தது. பாதிப் புதிரில் பென்சில் நின்றது.

பெஞ்சின் மேல் அட்டவணை அட்டை கிடந்தது. அதை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். புதிருக்குச் செய்கிற சோதனையை இதற்கு அவர் செய்ததே இல்லை. செய்ய முடியாமலே இருந்தது, ஏனென்றால் நகர்த்த முடியாததெல்லாம் ஒரே கறுப்பு மை, எல்லாம் ஒரே கையெழுத்து. கண்ணால் பார்த்து எது அச்சு, எது தாம் என்று சொல்ல வழியில்லை. விரல் வைத்து, ஒவ்வொன்றாக, இது யார் போட்டது என்று கேட்டுப் பார்த்தார். மைதானம்: இருப்பது ஒன்று, முறை வைத்துத்தான் தர முடியும். ஆய்வகம்: அதுவும் ஒன்றுதான். கணினி அறை: வெளியிலிருந்து வருகிற ஆளின் நேரம். பாட்டு, காலை மட்டும்: படுக்கையில் ஒரு மனிதர்.

பூகோளம், இரண்டாம் பீரியட், ஐந்து நாளும் ஓய்வு. இது யார் போட்டது?

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

யாரும் போடவில்லை. எந்த உத்தரவும் இல்லை, எந்த அறையும் இல்லை, எந்த நோயாளியும் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன், முதல் அட்டவணையில், செய்தித்தாள் வருகிற நேரம் பார்த்து அவரே பென்சிலில் போட்டுக்கொண்டது. எல்லாம் பொருந்தியதும் அதன்மேலும் மை ஏறிற்று. மறுவருஷம் பழைய அட்டையைப் பார்த்து எழுதும்போது மைதானத்தோடும் ஆய்வகத்தோடும் சேர்ந்து அதுவும் அச்சாகிவிட்டது. மூன்று நாளாகத் தம் ஓய்வு நேரங்களை எண்ணியபோது இந்த ஐந்தை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மறைத்தார் என்று சொல்ல முடியாது. அது அவர் கண்ணுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை இரண்டாம் பீரியடைப் பார்த்தார். ஆறாம் வகுப்பு 'ஈ'க்கு அப்போது நூலகம். நூலகத்தை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அதை, காலியாக இருந்த வெள்ளி கடைசிக்குத் தள்ளி, பூகோளத்தைத் திங்கள் இரண்டில் வைத்து, கணக்கை வியாழன் மூன்றுக்கு மாற்றி, புதன் இரண்டில் பாட்டை வைத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஐந்து நாள் ஓய்வில் ஒரே ஒரு திங்கட்கிழமை. அதற்காக ஒரு குடும்பத்தின் பிழைப்பைத் தட்டிவிட இருந்தார்.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். காது மடலெல்லாம் சுட்டது. இன்னொரு நினைப்பும் ஓரமாக வந்தது, அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும். சத்தம் போடாமல் மாற்றி எழுதிவிட்டால் யாருக்குத் தெரியும்? "ஒரு வழி கிடைச்சிடுச்சு" என்று சொன்னால் பாராட்டுகூடக் கிடைக்கும். அந்த நினைப்போடு அவர் டீயின் கடைசி வாய் வரை உட்கார்ந்திருந்தார். அப்புறம் அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

தலைமையாசிரியை அட்டையைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கல. நான்தான் குறுக்க உக்காந்திருந்தேன். எந்திரிச்சேன்."

தலைமையாசிரியைக்கு அது பாதிதான் புரிந்தது. மீதியைக் கேட்கிற அவசரம் அவருக்கு இல்லை. பாட்டு டீச்சரை நிறுத்துவதற்காக எழுதி வைத்திருந்த கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். அதுவே போதும் என்று வாத்தியார் பாட்டு அறைக்கு நடந்தார்.

பாட்டு அறை கட்டடத்தின் கோடியில் இருந்தது. மூன்றாம் பீரியட் மணி அப்போதுதான் அடித்திருந்தது. பிள்ளைகள் இன்னும் வந்து சேரவில்லை. டீச்சர் அலமாரியிலிருந்த தம் நோட்டுகளை எடுத்து ஒரு பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பையைப் பார்த்ததும் வாத்தியார் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்.

"டீச்சர், அதை எடுத்து வைக்காதீங்க. இடம் இருக்கு. வேலை போகல." ஒரே மூச்சில் சொன்னார். அதே மூச்சில் மீதியையும் சொன்னார்: தம் ஓய்வு, தம் டீ, தம் புதிர், பதினோரு வருஷத்து மை, ஒரு திங்கட்கிழமை. எதையும் பூசி மெழுகவில்லை.

டீச்சர் கையிலிருந்த நோட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தால், முகம் சிவந்தது.

"எல்லாக் கட்டத்தையும் பார்த்துட்டேன்னு சொன்னீங்களே சார்."

"சொன்னேன்."

"உங்க வார்த்தைய நம்பி நேத்து அவர்கிட்ட சொல்லிட்டேன். வேலை போச்சுன்னு சொல்லிட்டேன். அவருக்குப் பேச்சுதான் வராது, எல்லாம் புரியும். அழுதார் சார். ரெண்டு வருஷமா எதுக்கும் அழாத மனுஷன். தன்னாலதான் எனக்கு வேலை போச்சுன்னு இடது கையால நெஞ்சுல தட்டித் தட்டிக் காட்டி அழுதார். நீங்க என்னடான்னா..." டீச்சர் கையிலிருந்த நோட்டால் பையைக் காட்டினார். "நீங்க என்னடான்னா, டீ குடிக்கிற நேரம்னு சொல்றீங்க."

பழைய பாய்லராக இருந்தால் இந்த இடத்தில் ஒரு பதில் கிளம்பியிருக்கும். நான்தானே கண்டுபிடிச்சேன், நான்தானே வந்து சொன்னேன், சொல்லாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும் என்று எத்தனையோ பதில் உண்டு. ஒன்றும் கிளம்பவில்லை. டீச்சர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, சந்தேகப்பட வேண்டிய ஆள் இங்கேயும் அவர் ஒருவர்தான். தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டார். அடுப்பை அணைத்துவிட்டதாக அவர் இவ்வளவு நாள் நினைத்திருந்தார். நிஜமாகவே அணைந்திருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

"வீடு எவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேட்டார்.

"நடந்தா பதினஞ்சு நிமிஷம்."

"போய்ச் சொல்லிட்டு வாங்க. போன்ல வேணாம், நேர்ல போய்ச் சொல்லுங்க. இன்னும் பழைய அட்டவணைதானே, இந்தப் பீரியட் எனக்கு ஓய்வுதான். நான் பார்த்துக்கறேன்."

டீச்சர் கையிலிருந்த நோட்டை அலமாரியில் திரும்ப வைத்தார். பையை அங்கேயே போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசல் தாண்டியதும் நடை ஓட்டமானது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

பிள்ளைகள் கலகலவென்று உள்ளே வந்தார்கள். நாற்காலியில் பாய்லர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நாற்பது வாயும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன. முன் வரிசைச் சிறுமி ஒருத்தி மெல்லக் கையைத் தூக்கினாள்.

"சார், இது பாட்டு கிளாஸ்."

"தெரியும்மா. பாடுங்க."

"நீங்க சொல்லித் தருவீங்களா சார்?"

"நான் பாடினா பக்கத்து வகுப்புக்காரங்க சண்டைக்கு வருவாங்க. உங்களுக்கு என்ன தெரியுமோ அதைப் பாடுங்க. நான் கேக்கறேன்."

முதலில் தயங்கித் தயங்கி, பிறகு போட்டி போட்டுக்கொண்டு பாடினார்கள். தாளம் ஒரு பக்கம், சுருதி ஒரு பக்கம், கடைசி வரிசை வேறு ஏதோ பாட்டையே பாடிக்கொண்டிருந்தது. வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. பதினைந்து நிமிஷம் போக, பதினைந்து நிமிஷம் வர, நடுவில் பேச எவ்வளவு நேரமாகும் என்று மனம் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது. இந்நேரம் சொல்லியிருப்பார். இந்நேரம் வீட்டுக்காரர் புரிந்துகொண்டிருப்பார். ஒருவேளை மறுபடியும் அழுகிறாரோ என்னவோ.

டீச்சர் மூச்சிரைக்க வந்து நின்றபோது மணி அடிக்க இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. முகமெல்லாம் வியர்வை. பிள்ளைகள் பாட்டை நிறுத்தினார்கள். வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன பண்ணினார்?"

டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார் சார். அப்புறம் இடது கையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். அப்புறம் வாசலைக் காட்டினார். மறுபடியும் கடிகாரம், மறுபடியும் வாசல். எனக்கு முதல்ல புரியல. அவரோட அக்காதான் சொன்னாங்க, 'ஏய், உனக்கு கிளாஸ் நேரமாம், கிளம்பச் சொல்றான்'னு. உக்காரக்கூட விடல சார். விரட்டி விட்டுட்டார்."

 கண் கலங்கியதை மறைக்க வாத்தியார் முயற்சி செய்யவில்லை.

"உங்க மேல கோபம் இன்னும் போகல" என்றார் டீச்சர்.

"இருக்கட்டும் டீச்சர். அவசரமில்ல."

டீச்சர் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு இன்னும் அடங்கியிருக்கவில்லை. எட்டு நிமிஷத்தில் ஒரு நிமிஷம் அதற்கே போய்விட்டது. மீதி ஏழு நிமிஷமும் பாடினார்.